கறையானும் கஸ்பார் சாமியின் பிரசங்கத் தொட்டியும்

அந்தக் காலத்தில் கறையான் பட்டப்பகலில், நடுத்தெருவில், நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தது. எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. பேசிப் பேசியே பாதி வேலை கெட்டது. கறையானுக்குப் பேச்சோடு நல்ல கண்ணும், புளியங்கொட்டை மாதிரி பளபளவென்று ஒரு நிறமும் இருந்தன. அந்த நிறம் தனக்கு எவ்வளவு எடுப்பு என்பதும் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்திருந்தது.

செம்மணல் மேடான தேரிக்காட்டை ஒட்டிய ஒரு கடற்கரை ஊரில், கறையான் குலத்துக்கே மேஸ்திரியாக இருந்தவள் மண்ணழகி. மண் குழைப்பதிலும் மரம் பார்ப்பதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதை அவளே சொல்வாள். ஒருதரம் சொல்லி நிறுத்தவும் மாட்டாள்.

அந்த ஊருக்குக் கப்பலேறி வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் கஸ்பார் சாமிக்கு, தன் தேசத்தில் இருப்பதுபோல வானத்தைத் தொடும் கோயில் ஒன்று கட்ட வேண்டுமென்று ஆசை. ஊர்க் கொத்தனார்கள் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் சுவர் எழுப்பி, மேலே உருண்டையாக வளைவு போட்டார்கள். முதல் மழைக்கு விழுந்தது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது சாமி இடிபாட்டின்மேல் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த வழியாகப் போன மண்ணழகி நின்றாள்.

“கோயில் கட்டுதியளா சாமி, இல்ல ஆப்பம் கவுக்கியளா? உருட்டிப் போட்டா பாரம் சுவரை ரெண்டு பக்கமும் தள்ளத்தான செய்யும்? வந்து என் வீட்டைப் பாருங்க.”

சாமி அவள் புற்றைப் போய்ப் பார்த்தார். குவித்த கைபோல ஆளுயரத்துக்கு எழும்பி, உச்சியில் கூர்ந்து நின்றது. உள்ளே இருந்த வழிகளெல்லாம் மேலே கூர்ந்தே முடிந்தன.

“கூரா போட்டா பாரம் நேரா காலுக்கு இறங்கிரும். இது என் மருமக்களுக்கே தெரியும்” என்றாள்.

“அம்மா, இந்த ஞானத்தை எங்கே பயின்றீர்?” சாமி படித்து வந்த தமிழ் அப்படித்தான் இருக்கும்.

“ஞானமாவது ஒண்ணாவது. வீடு விழுந்தா நாங்கதான சாவுறோம்.”

அதற்குப்பின் பதினோரு வருஷம் அவள் சொன்னபடி வேலை நடந்தது. வளைவுகள் கூர்ந்தன, விழவில்லை. இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன. உயர்ந்த சன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி வந்தது. காலை வெயிலில் தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக நனைந்து கிடந்தது. சாமான்களுக்கு மரம் தேர்ந்ததும் அவளே. சமைக்கிறவள் உப்புப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மரத்திலும் கடுகளவு கடித்து, கண்ணை மூடி மென்று, தீர்ப்புச் சொல்வாள். “இந்தத் தேக்கு நல்ல கசப்பு, பீடத்துக்கு வைங்க. சனங்க பாவத்தச் சொல்லுத பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வேம்பு போடுங்க சாமி, உள்ள கேக்குற கசப்புக்கு அதுதான் தாங்கும்.” சாமி வாய்விட்டுச் சிரிப்பார்.

கோயிலை அபிஷேகம் செய்து திறக்க நான்கு மாதம் இருக்கும்போது கப்பலில் வைக்கோல் சுற்றிய பெட்டிகள் வந்தன. உள்ளே பிரசங்கத் தொட்டி. குருவானவர் ஏறி நின்று பிரசங்கம் வைக்க ஏழு படி, இடுப்பளவு தொட்டி, தலைக்குமேல் குடைபோல ஒரு கூரை. சுற்றிலும் திராட்சை இலையும் கொடியுமாகக் குடைந்த சித்திர வேலை. சாமி பிறந்த வீட்டு முற்றத்தில் நின்ற வால்நட் மரம் அது. அந்த நிழலில்தான் அவருடைய அம்மா அவருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தாள். மகன் கோயில் கட்டுகிறான் என்று கேள்விப்பட்டு மரத்தை வெட்டச் சொன்னவளும் அவள்தான். பெட்டிக்குப் பின்னாலேயே அவள் இறந்துபோன கடிதமும் வந்தது.

தொட்டியைத் தூணோடு பொருத்தி முடித்தபின் சாமி மண்ணழகியைக் கூப்பிட்டார்.

“என் தாயாருடையதென்று எனக்கு மிஞ்சியிருப்பது இது ஒன்றே. பூச்சி புழு அண்டாமல் நீர்தான் காத்துத் தரவேண்டும்.”

“எங்கிட்ட ஒப்படைச்சிட்டியள்ல, போய் வேலையப் பாருங்க” என்றாள் மண்ணழகி.

மரம் என்று இருந்தால் ருசி பார்த்துத்தானே ஆகவேண்டும்? தொழில் அது. தொட்டிக்குப் பின்புறம், தூணை ஒட்டிய இடத்தில், கடுகளவு கடித்தாள்.

தேக்கின் கசப்பும் பனையின் நாரும் கண்ட வாய் அது. இப்படி ஒரு மரத்தை அது கண்டதே இல்லை. பாலும் வெண்ணெயும் சேர்ந்தாற்போல நாக்கில் கரைந்தது. சரியாகப் பார்க்கவில்லையோ என்று இன்னொரு கடி கடித்தாள். மறுநாள் மதியம், ஊர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், நேற்றுப் பார்த்தது சரிதானா என்று பார்க்க மறுபடி வந்தாள். அப்புறம் காரணம் தேடுவதையும் விட்டுவிட்டாள்.

ஒன்பதாம் நாள் அவளுடைய மதினி பின்னாலேயே வந்து நின்றாள்.

“என்ன மதினி, காவல் பலமா இருக்கு? வாயில தூளு ஒட்டியிருக்கே?”

மதினியின் வாய் திறந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அதை மூட மண்ணழகிக்கு ஒரே வழிதான் தெரிந்தது. ஒரு துண்டு பிய்த்து மதினியின் வாயில் வைத்தாள். மதினி மகளைக் கூட்டி வந்தாள். மகள் மாமியார் வீட்டையே கூட்டி வந்தாள். மாதம் முடிவதற்குள் குலம் மொத்தமும் உள்ளே இருந்தது.

மேல்தோலில் மட்டும் ஒருத்தரும் பல் வைக்கவில்லை. மண்ணழகியின் கண்டிப்பான உத்தரவு. ஒவ்வொரு திராட்சை இலைக்கும் பின்னால் காகிதக் கனத்துக்கு விட்டுவிட்டு மீதியைச் சுரண்டினார்கள். இலை ஒன்றுகூடக் கிழியவில்லை. அந்த வேலை நேர்த்தியை நினைத்து அவளுக்குப் பெருமை வேறு.

அபிஷேக நாள் காலை. சாமிமாருக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் பல்லக்கில் வந்து இறங்கிவிட்டார். வாசலெல்லாம் குருத்தோலைத் தோரணம். திறந்திருந்த கதவு வழியாக ஒரு மரங்கொத்தி உள்ளே பறந்து வந்து, பிரசங்கத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டியது. தலையைச் சாய்த்துக் கேட்டது. இன்னொரு தட்டுத் தட்டியது.

“சாமி, இது உள்ள ஒண்ணுமில்லாத சத்தமால்லா கேக்கு.”

மண்ணழகிக்கு வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

“ஏலேய், நாள் பூரா மண்டைய மரத்துல முட்டுறவன் நீ. உன் மண்டைக்குள்ள ஒண்ணுமில்லாத சத்தம்தான் உனக்குக் கேக்கு!”

கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மரங்கொத்தி சிரிக்கவில்லை. “இல்லக்கா, நெசமாத்தான் சொல்லுதேன். யாராவது ஏறிராதீக” என்றது.

கஸ்பார் சாமியும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து குனிந்தார்.

“மண்ணழகி, உமக்குத் தெரியாத மரமில்லை. உள்ளபடி சொல்லும். இது திடமாக இருக்கிறதா?”

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் முதல் வரிசையில் அவளுக்கென்று தனி இடம் போட்டிருந்தார்கள். மேற்றிராணியார் அவளைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்திருந்தார். பதினோரு வருஷமாகச் சேர்த்த பேர் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

“மலை மாதிரி நிக்கி, சாமி” என்றாள்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மரங்கொத்தி பறந்து தூணின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

பூசை தொடங்கியது. சுவிசேஷம் வாசித்து முடிந்தது. கஸ்பார் சாமி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். இப்போதாவது கத்திவிடலாம் என்று மண்ணழகி வாயைத் திறந்தாள். எச்சில் இல்லை. இரண்டாம் படி. பக்கத்தில் இருந்த மதினி தரையைப் பார்த்தாள். ஐந்தாம் படி, ஆறாம் படி. மெலிந்த மனிதர், தாங்கிவிடுமோ என்றுகூட ஒரு நப்பாசை. அவர் மேலே போய் நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பிரியமானவர்களே, இது என் கோயில் அல்ல. இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிற இந்த அம்மாள் கட்டியது. இவளை நான் நம்பினேன்...”

அப்பளம் நொறுங்குகிற சத்தம்தான் கேட்டது. தொட்டி, படி, குடை எல்லாம் ஒரே மூச்சில் உட்கார்ந்தன. தூசி அடங்கியபோது சாமி கல்தரையில் கிடந்தார். வலது கால் போகக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. திராட்சை இலைகள் காகிதம்போல மெதுவாக, ஒவ்வொன்றாக, அவர்மேல் இறங்கின. அவர் ஒன்றைக் கையில் ஏந்தினார். அது விரலிடுக்கில் மாவாகிப் போனது.

உடைந்த தோலுக்குள்ளே பல் தடம் வரிவரியாகத் தெரிந்தது. யாருடைய பல் என்று சொல்ல மரங்கொத்தி தேவைப்படவில்லை. ஆனாலும் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று அது ஒரு சொல் சொல்லியிருந்தால் மண்ணழகி பிழைத்திருப்பாள். பதிலுக்கு ஏதாவது ஏசியிருப்பாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“இந்தச் சாதியையே நெருப்பு வைத்துக் கொளுத்துங்கள்!” என்று மேற்றிராணியார் எழுந்தார்.

“வேண்டாம் ஆண்டவரே” என்று மேற்றிராணியாரைத் தடுத்தார் கீழே கிடந்தவர். பிறகு மண்ணழகியைப் பார்த்தார். கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

“மரம் போகட்டும், அம்மா. கேட்டேனே... கேட்டபோது சொல்லியிருக்கலாமே.”

மண்ணழகி எழுந்தாள். பீடத்திலிருந்து வாசல்வரை நீளமான நடை. அவளே அளந்து போட்டது. ஒதுங்க ஒரு மூலையோ ஒளிய ஒரு நிழலோ இல்லாமல், அவள் கேட்டு வாங்கின உயரமான சன்னல்கள் வழியாக வெளிச்சம் அவள்மேல் கொட்டியது. ஒரு அடிக்குச் சிவப்பு, ஒரு அடிக்கு நீலம். இரண்டு பக்கமும் கண்கள். அவளுடைய நிறத்தை அன்றைக்குத்தான் எல்லோரும் நன்றாகப் பார்த்தார்கள்.

பாதி வழிக்குமேல் அவளால் முடியவில்லை. தூணடியில் ஒதுங்கி, கல் இடுக்கிலிருந்த ஈர மண்ணை எடுத்தாள். எச்சில் ஊறாத வாயால் எப்படியோ குழைத்தாள். தலைக்குமேல் வைத்தாள். ஓர் அடி நகர்ந்தாள், அங்கேயும் வைத்தாள். பின்னால் வந்த மதினியும் அப்படியே செய்தாள். பிறகு குலம் மொத்தமும். தூணோரமாக ஒரு மண்வரி நீண்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

மூன்று மாதம் கழித்துக் கஸ்பார் சாமி கோலூன்றி வந்து அந்த மண்வரியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மண்ணழகி, மன்னித்தாயிற்று. வெளியே வாரும்.”

“நீங்க மன்னிச்சது தெரியும் சாமி” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “எனக்குத்தான் மூஞ்சியக் காட்ட முடியல.”

அவர் விரலால் மண்ணை மெல்லப் பெயர்த்தார். உள்ளே பளபளப்பெல்லாம் போய், சோற்றுப்பருக்கை மாதிரி வெளுத்த ஒரு உருவம் வெளிச்சத்தில் துடித்தது. இருட்டிலேயே கிடந்து கண்ணும் அவிந்திருந்தது. ஆனாலும் அவர் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அவர் கண்முன்னாலேயே, உடைந்த இடத்தை மண் வைத்து அடைக்கத் தொடங்கினாள். சாமி கையை எடுத்துக்கொண்டார்.

அன்று முதல்தான் கறையான், சுவரில் நாலு விரல் தூரம் போவதென்றாலும் தலைக்குமேல் மண்ணை மூடிக்கொண்டே போகிறது. விளக்குமாற்றால் எத்தனை தடவை தட்டிவிட்டாலும் சரி, மறுநாள் போய்ப் பாருங்கள், மூடியிருக்கும்.