செல்வக்கனி கேட்ட பெரிய கீறல்

பிள்ளைக்காக ஒரு தாய் எவ்வளவு வலி தாங்கினால் போதும்? சட்டென்று சொல்லிவிடாதீர்கள், இதைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

உடன்குடிப் பக்கம் செல்வக்கனி என்று ஒருத்தி. புருஷன் சுயம்பு லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் வீடு திரும்பப் பத்து நாளாகும். இரண்டு வயது மகன் முகிலுக்குப் பிறவியிலேயே கல்லீரல் சரியில்லை. அம்மாவின் ஈரலில் இடது ஓரத்துத் துண்டை எடுத்து வைத்தால் பிழைப்பான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவளுக்கு வெட்டின ஈரல் மறுபடி வளர்ந்துவிடுமாம். "வெட்டின முருங்கை மாதிரியா?" என்று சிரித்தாள்.

எப்படி எடுப்பது என்பதில்தான் சிக்கல். அங்கே பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்து எடுப்பார். நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது. டாக்டர் நஸ்ரின் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டுப் பார்த்து அறுப்பார். துண்டை அடிவயிற்றுக் கீறல் வழியாக முழுசாக வெளியே எடுப்பார். ஆறேழு மணி நேரம் ஆகும், ஒரு மாதத்தில் பழையபடி நடமாடலாம், கனமும் தூக்கலாம். இருநூறு பேருக்கு மேல் செய்த கை. "ரத்தம் அடங்கலைன்னா நானும் திறந்துருவேன்" என்றும் சொல்லிவிட்டார். பையனுக்குப் போகும் துண்டு இரண்டு வழியிலும் ஒன்றுதான் என்று இருவருமே சொன்னார்கள்.

செல்வக்கனி பெரிய கீறல்தான் வேண்டும் என்று நின்றாள்.

"துளை வழியா எடுத்தா அரைகுறையாத்தான் வரும். நான் நல்லா வலி பட்டாத்தான் புள்ளைக்கு ஒட்டும்."

"ஏட்டி, பிரசவத்துல ஆஸ்பத்திரியே அதிரக் கத்துனவதான நீ? சின்னத் துளையே போதும்" என்றான் சுயம்பு.

"ஒங்களுக்கு நான்தான் பெருசு. எனக்கு அவன்தான்."

மறுநாள் காலையில் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது சொல்லுங்கள்: பிள்ளைக்கு நல்லது தாய் கேட்ட வழியா, தகப்பன் சொன்ன வழியா?

விடை: தகப்பன் சொன்னதுதான். துண்டு ஒன்றேதான் என்றால், அவள் கூடுதலாகப் படும் வலியில் பையனுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. அவனைத் தூக்கிக்கொண்டு வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு நடக்கப்போகிறவள் அவள். அப்பன் லாரியில் இருப்பான். "கனம்னா... முகிலையும் தூக்கக் கூடாதா டாக்டர்?" என்று மறுநாள் காலை பெரிய டாக்டரிடம் கேட்ட நிமிஷத்தில் செல்வக்கனிக்கே விளங்கிவிட்டது. நஸ்ரின் டாக்டரின் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள், வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மகன் இருந்த அறை வரை நடந்தே வந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகில் விழித்திருந்தான். கண்ணில் மஞ்சள் குறைந்திருந்தது.

"சிஸ்டர், சோப்புப் போட்டுக் கை கழுவிட்டேன். கதவை மட்டும் கொஞ்சம் திறங்க, அவன் காலை ஒரு தடவை தொட்டுக்கிடுதேன்."