தாமரையின் தோள்

இன்னாசிமுத்து ஐம்பத்தோராம் வயதில் மறுபடி மாணவரானார். கிராமத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் வைத்தியம் பார்த்தவர், குழந்தைகளின் எலும்பு மருத்துவம் படிக்க டாக்டர் மெஹருன்னிசாவிடம் வந்து சேர்ந்தார். ஆசிரியைக்கு அவரைவிடப் பதின்மூன்று வயது குறைவு.

ஒரு காலையில் செண்பகம் என்ற பெண் தன் எட்டு மாதக் குழந்தை தாமரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“மூணு நாளா இடது கையைத் தூக்கவே மாட்டேங்கா டாக்டர். லேசா காய்ச்சலும் இருக்கு.”

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்குதான் என்று முடிவு கட்டிய இன்னாசிமுத்து, ஒரு வாரம் கழித்து வரும்படி எழுதினார். மெஹருன்னிசா சீட்டை வாங்கிப் படித்தார்.

“தாமரை என்ன சொல்றா, சார்?”

“பேச்சு வராத பிள்ளை மேடம். என்ன சொல்லும்?”

மெஹருன்னிசா தாயின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தார். குழந்தையின் விரல்களைத் தொட்டார். சிரித்தது. மணிக்கட்டு, முழங்கை. இன்னும் சிரித்தது. தோளை மெல்ல, ஒரு நூல் அளவு திருப்பினார்.

வீறிட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்கேனில் தோள்மூட்டுக்குள் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு இழுத்தால் மஞ்சளாகச் சீழ்.

“தோளுக்குள்ள சீழா? என் சர்வீஸ்ல பார்த்ததே இல்ல மேடம். ஒரு வாரம் கழிச்சு வரச் சொல்லிட்டேனே...”

“அதுக்குள்ள எலும்போட நுனி அரிச்சுப் போயிருக்கும். வாங்க, கழுவி விடுவோம்.”

அன்று மதியமே தோளைத் திறந்து கழுவினார்கள். ஊசி மருந்து தொடர்ந்து ஏறியது. தினமும் மூன்று வேளை இன்னாசிமுத்து குழந்தையின் கட்டிலருகே போய் நின்றார். காய்ச்சல் இறங்கியது. கை மட்டும் அசையவில்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் வார்டுக்கு வந்த மெஹருன்னிசாவிடம், குழந்தைமேல் குனிந்தபடியே கேட்டார்.

“தோள் சரியாயிட்டுதான்னு எப்படி நிச்சயம் பண்றது மேடம்? இன்னொரு ஸ்கேன் எடுக்கவா?”

சொல்லி முடிப்பதற்குள் தாமரை இடது கையை நீட்டி அவருடைய மீசையை எட்டிப் பிடித்துவிட்டாள். செண்பகம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

“ஆ... மேடம், விடச் சொல்லுங்க!”

“மெதுவா நிமிருங்க சார்,” என்றார் மெஹருன்னிசா. “மீசையை விடாம தாமரை எவ்வளவு உயரம் வரைக்கும் கையைத் தூக்குறான்னு பார்ப்போம்.”