கள்ளிக்கு ஊற்றிய தண்ணீர்

முதலில் கல்குவாரிக்காரர்கள் கிணற்றை எடுத்தார்கள். பிறகு கிணற்றுக்குப் போகும் பாதையை. பிறகு சுடுகாட்டை. கடைசியில், சுடுகாட்டு வேலியருகே லாரியை மறித்து நின்ற சடையனின் மகளை, அதையே ஏற்றி. வழக்கு இன்னும் நடக்கிறது. லாரியும் ஓடுகிறது.

இந்த வரிசையைச் சடையன் எந்தப் போராட்ட மேடையிலும் மாற்றியதில்லை. கடைசியில் "என் மகள்" என்பார். பெயர் சொல்லமாட்டார். சொன்னால் குரல் உடையும். எதிரியின் காதுக்கு உடைந்த குரல் போகக்கூடாது.

அவள் விழுந்த இடத்தில் பெயர் வெட்டிய கல் ஒன்றை நட்டு, பக்கத்தில் சிவப்பாகப் பூக்கும் கள்ளியை வைத்தார். அழுகியது. மறுபடி வைத்தார். மறுபடியும் அழுகியது.

நரைத்த தலையோடு மேட்டுக்குடில் ஆசிரமத்துக்குப் போய், அங்கே குருவாக இருந்த, தன்னைவிட இளையவரான அம்மையாரிடம் சீடராக உட்கார்ந்தார். அந்த வறண்ட மேட்டில் கள்ளியெல்லாம் பூத்திருந்தது.

"என் கையில் மட்டும் ஏன் அழுகுகிறது, அம்மா?"

"எப்போது நட்டீர்கள், ஐயா?"

"வெட்டிய கையோடு. எங்கள் இயக்கத்தில் எதையும் ஆறப்போடுவதில்லை."

"பால் வடிய வடியவா?"

"ஆமாம்."

"தண்ணீர்?"

"நினைவு நாளில் ஆளுக்கொரு குடம் ஊற்றுவார்கள். கிணறு பறிபோன ஊர். அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் இல்லை."

"கள்ளிக்குக் கும்பாபிஷேகமா?"

அம்மையார் சிரித்தார். சடையன் சிரிக்கவில்லை. அம்மையாரும் நிறுத்திக்கொண்டார்.

எழுந்துபோய் ஒரு கிளையை வெட்டினார். பால் சொட்டியது. அதை நிழலில், வெறும் பாறைமேல் கிடத்தினார்.

"காயம் மூடட்டும்."

"மூடிவிட்டால் என்ன மிச்சம்?"

"வேர் அங்கிருந்துதான் வரும், ஐயா."

நினைவு நாளன்று, வெட்டுக்காயம் காய்ந்து மூடிய அந்தக் கிளையைச் சடையன் காய்ந்த மணலில் நட்டார். அம்மையாரும் வந்திருந்தார். ஊர் குடங்களோடு நின்றது.

"யாரும் ஊற்றாதீர்கள்," என்றார் சடையன்.

முன்னால் நின்ற மூக்கம்மாள் குடத்தை இறக்கவில்லை. "தண்ணியும் வேண்டாம்னா, புள்ளைக்கு வேற என்னத்தண்ணே குடுக்கிறது?"

சடையன் அம்மையாரைப் பார்த்தார்.

அம்மையார் கல்லைக் காட்டினார். "வாசியுங்கள், ஐயா."

எந்த முதலாளி முன்னும் தோளிலிருந்து இறக்காத துண்டை அவர் இறக்கினார். குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே வாசித்தார்.

"சடையன் மகள் பொன்னுருவி."