மஞ்சளுக்கு முறை வைத்த ஆராயி

வெகுகாலத்துக்கு முன்னால் மருதவேலி நாட்டைப் பூவரசவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் புகழ்ச்சி என்றால் உயிரையே விடுவான். ஒரு பாட்டுப் பாடினால் ஒரு பட்டு!

அவனுடைய பண்டசாலை அதிகாரி சடைநாதருக்கு மஞ்சளில் கொள்ளை லாபம். ஏழு ஊர்க் குடியானவர்களும் மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, ஒரே நாளில் சந்தைக்கு வண்டி கட்டுவார்கள். குவிந்து கிடக்கும் மஞ்சளை அவர் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் பூட்டிவைத்து, ஆடியில் யானை விலைக்கு விற்பார். அந்த வருஷம் மட்டும் ஒரு சந்தைக்கு ஓர் ஊர் வண்டிகள்தான் வந்தன! விலை இறங்கவே இல்லை. சடைநாதர் வயிறு எரிந்து அரசவைக்கு ஓடினார்.

"மன்னா, குடியானவர்கள் சதி செய்கிறார்கள்! மஞ்சளைப் பதுக்குகிறார்கள்! எல்லாம் ஆராயி என்ற மஞ்சள்காட்டுக்காரி செய்த ஏற்பாடு!"

"கூப்பிடுங்கள் அவளை!" என்று குதித்தான் ராஜா.

ஆராயி வந்தாள். "பதுக்கல சாமி. ஏரித் தண்ணிய ஏழு ஊரும் முறை வச்சுத்தானே பாய்ச்சறோம்? அதே முறையில மஞ்சளையும் சந்தைக்கு விடறோம். விலை ரொம்ப ஏறினா ரெண்டு ஊர் முறையைச் சேர்த்து விடுவோம். வாங்கறவங்களும் பொழைக்கணுமில்ல?"

"ஒரே நாளில் வந்தால் மஞ்சள் கெட்டா போகும்? பொழுது சாய்வதற்குள் எனக்குப் புரியவை. இல்லையென்றால் ஏழு ஊர் மஞ்சளும் சடைநாதர் கிடங்குக்கு!" என்றான் ராஜா.

ஏழு ஊரின் ஒரு வருஷ உழைப்பு! அன்று ராஜாவின் பிறந்தநாள். பாடுவதற்காக நாற்பது புலவர்கள் வாசலில் நிற்பதை அவள் வரும்போதே பார்த்திருந்தாள்.

"வாசல்ல நிக்கற புலவருங்க எல்லாரையும் உள்ள விட்டு, ஒண்ணாப் பாடச் சொல்லுங்க மகாராஜா."

"நாற்பது புகழும் ஒரே மூச்சிலா? ஆகா!" ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

ஐயோ, அந்தக் கூச்சலை என்னவென்று சொல்வேன்! ஒருவர் குரலை ஒருவர் அமுக்க, தூணில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. ராஜா காதைப் பொத்திக்கொண்டு அலறினான்: "போதும், போதும்! ஒரு பட்டைத் தூக்கிப் போட்டு எல்லாரையும் வெளியே அனுப்புங்கள்!"

ஆராயி கைகூப்பினாள். "நேத்து ஒரு பாட்டுக்கு ஒரு பட்டு. இன்னிக்கு நாப்பது பாட்டுக்கும் சேர்த்தே ஒரு பட்டு. பாட்டு கெட்டா போச்சு, மகாராஜா?"

ராஜாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. "சடைநாதரே, இதற்கு என்ன சொல்கிறீர்?" என்று திரும்பினால், ஆளைக் காணோம்!

வாசலில் பிடித்தார்கள். அழுதுகொண்டிருந்த புலவர்களிடம் பாட்டுக்கு ஒரு பிடி அவல் கொடுத்து, ஓலைகளையெல்லாம் வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருந்தார், நாளை முதல் ஒவ்வொன்றாகத் தானே பாடிப் பட்டு வாங்க! பழக்கதோஷம்!

"மஞ்சளிலும் இதுதானா உம் வேலை?" என்று ராஜா கேட்க, சபையே சிரித்தது. "இனி ஏழு ஊர் வைத்த முறைதான் சந்தை முறை. கிடங்குச் சாவி ஆராயியிடம் போகட்டும். இன்று எந்த ஊர் முறை என்று சந்தை வாசலில் நின்று கூவுவதுதான் உமக்கு இனி உத்தியோகம்!"

மறுநாள் காலையில் ராஜா புகழ் கேட்க ஆசையோடு உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு புலவர் வந்தார், பாடினார், ஒரு பட்டு வாங்கிக்கொண்டார்.

"மற்றவர்கள் எங்கே?"

"அவரவர் முறைக்கு வருவார்கள் மன்னா. ஆராயி அக்கா நேற்றே எங்களுக்கும் முறை வைத்துவிட்டார்."