தானாக மாறும் கியர் யாருக்கு?

போத்தனூரில் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பும் பூங்கோதையிடம் ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. அவளுக்கல்ல, யாருக்காவது கொடுத்துவிட. அப்படிக் கொடுப்பதுதான் பெரும்பாடாகிப் போனது.

ஒரு சைக்கிள் கம்பெனிக்காக ஜனங்களிடம் கருத்துக் கேட்பது அவள் வேலை. எட்டு வருடமாக அதே வெயில், அதே கேள்விகள். இந்த முறை கம்பெனி புது வண்டி செய்திருந்தது. மேடு வந்தால் கியர் தானாக இளகும். சமதளத்தில் தானாக இறுகும். பொத்தானை அமுக்கினால் கையாலும் மாற்றிக்கொள்ளலாம். ஓடிய தூரத்தைக் காட்ட ஒரு மீட்டரும் உண்டு.

"சும்மா கடைகண்ணிக்குப் போய் வர்றவங்களுக்கு இது வேணுமான்னு தெரியணும். மூணு பேருக்கு ஆளுக்கு ஒரு மாசம் கொடுங்க. தானா மாறுற கியர் யாருக்கு நிஜமாவே வேணுமோ, வண்டி அவங்களுக்கே" என்றார் மேலாளர் தேவசகாயம்.

முதல் மாதம் சபாநாயகம் ஓட்டினார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். "அற்புதமுங்க! இனி கையால கியர் மாத்துறவன் முட்டாள்" என்று சொல்லி, 'வேண்டும்' என்ற கட்டத்தில் பெரிதாக டிக் போட்டார். மீட்டரில் ஒன்பது கிலோமீட்டர் கூடியிருந்தது.

இரண்டாம் மாதம் கமருதீன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் தையற்கடை வைத்திருப்பவர். மீட்டரில் இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர் கூடியிருந்தது.

"கியர் எப்படிங்கண்ணா இருந்துச்சு?"

"அதுல கியர் இருக்குதுங்களா?" என்றார் அவர். வண்டியைக் கொடுத்த அன்று அவள் விளக்கிச் சொன்னது, கடை திறக்கும் அவசரத்தில் அவர் காதில் ஏறவில்லை. "லேசான வண்டிங்க. அவ்வளவுதான் தெரியும்." கட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டார்.

மூன்றாம் மாதம் ஜெசிந்தா டீச்சர். மீட்டரில் மேலும் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். "நான் மூச்சு வாங்கறதுக்கு முன்னாடியே அதுவா முடிவு பண்ணுது. மூணாம் நாளே பொத்தானை அமுக்கிட்டேன். ஆனா நல்ல வண்டி பூங்கோதை, எனக்கே கொடுத்துடும்மா." 'வேண்டாம்' என்பதில் டிக்.

வேண்டும் ஒன்று, வேண்டாம் ஒன்று, காலி ஒன்று. டீச்சரும் சபாநாயகமும் வண்டியைக் கேட்டார்கள். சபாநாயகம் தினமும் போன் செய்தார். பூங்கோதைக்கு அலுத்துவிட்டது. யாரிடமாவது தள்ளிவிட்டு ஒரு நாள் தூங்கினால் போதும் என்றிருந்தது.

அன்று மதியம் மேம்பாலத்தில் கமருதீன் எதிர்ப்பட்டார். இறங்கி, தம் பழைய சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, தள்ளிட்டுப் போறீங்க?"

"இருபது வருசமா இங்க இறங்கித்தாங்க தள்ளுவேன். நடுவுல அந்த ஒரு மாசம் மட்டும் இறங்கலை. ஏன்னு இப்பத்தான் யோசிக்கிறேன். அந்த வண்டி கிடைக்குமாங்க?"

அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மூன்று படிவங்களையும் மறுபடி புரட்டினாள்.

வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் ஒருவர். மூவரில் அதிகம் ஓட்டியவர் ஒருவர். கியர் இருப்பதே தெரியாமல் ஓட்டியவர் ஒருவர். மேலாளர் சொன்னபடி பார்த்தால், வண்டி யாருக்குப் போக வேண்டும்?

விடை: கமருதீனுக்கு. சபாநாயகத்துக்குப் பிடித்தது புதுமை. ஒரு மாதத்தில் அவர் ஓட்டியதே ஒன்பது கிலோமீட்டர்தான். டீச்சருக்குக் கியர் வேண்டும், தானாக மாறுவது வேண்டாம். கையால் மாற்றும் சைக்கிள் கடையிலேயே கிடைக்கும். தானாக மாறுவதை எடுத்துவிட்டால், கியர் இருப்பதையே கவனிக்காமல் இறங்கித் தள்ளப்போகிறவர் கமருதீன் ஒருவர்தான். பூங்கோதை அவர் பெயரையே எழுதினாள். தேவசகாயம் போனில் கூப்பிட்டு, "ஆனா அவர் வேணும்னே சொல்லலையேம்மா, இதை நான் எந்தக் கட்டத்துல போடறது?" என்றார். "எனக்குந் தெரியலீங்க சார். போனை வெச்சரட்டுங்களா?" என்றாள் அவள்.