சுத்தமாகக் கழுவிய தொட்டி

"மேடம், என்னைக் குடிதண்ணீர்ப் பக்கம் மாத்தி விட்டுடுங்க."

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இசக்கியப்பன் இப்படி வந்து நின்றார். அவருக்கு வயது நாற்பத்தெட்டு. எதிரே உட்கார்ந்திருந்த நசீமாவுக்கு முப்பத்திரண்டு. தாடி வளர்த்த குருதான் வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். இங்கே தொழில் கற்றுக்கொடுப்பது நசீமாதான்.

"இங்க என்ன குறை அண்ணே?"

"பொண்ணுக்கு வரன் வந்திருக்கு. இதே ஊருதான். தண்ணி ஆபீஸ்ல வேலைன்னு சொல்லி வச்சிருக்கேன். எந்தப் பக்கம்னு கேட்டுட்டா மானம் போயிடும் மேடம்."

"எழுதிக் குடுங்க. மேலே அனுப்புறேன்."

இவ்வளவுதானா என்று அவருக்கே சப்பென்று ஆகிவிட்டது.

போகிறதுதான் போகிறோம், நல்ல பேர் வாங்கிக்கொண்டு போவோமே என்று நினைத்தார். காற்று ஊதுகிற பெரிய தொட்டியில் பழுப்புக் கசடு கொதித்துக்கொண்டிருந்தது. நசீமா வெளியூர் கூட்டத்துக்குப் போயிருந்த இரண்டு நாளும் வால்வைத் திறந்துவைத்து, அந்தக் கசடையெல்லாம் வெளியே தள்ளினார். தொட்டி வெளுத்துவிட்டது. மனுஷனுக்கு ஒரே பெருமை.

மூன்றாம் நாள், நிலையத்தை விட்டு வெளியேறிய தண்ணீர் உள்ளே வந்த மாதிரியே நாறியது.

நசீமா திட்டவில்லை. மிச்சமிருந்த கசடில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்.

"பாருங்க அண்ணே."

"ஐயையோ! என்னென்னமோ நெளியுது!"

"அழுக்கைத் தின்னு தீர்க்கிறது அவங்கதான். நாம காத்து மட்டும்தான் குடுக்கிறோம்."

"அப்போ நான் வெளிய தள்ளினது?"

"வேலைக்காரங்களை."

இசக்கியப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து லாரியில் கசடு வந்தது. அவரே குழாயைப் பிடித்துத் தொட்டியில் விட்டார். தினமும் காலையில் அந்தத் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைப்பார். கசடு அடியில் இறங்கினால் தொட்டிக்கு உடம்பு சரியாகிவிட்டது என்று அர்த்தம். நாலு நாள் பார்த்தார், எட்டு நாள் பார்த்தார், இறங்குகிற வழியாய் இல்லை. "சாப்பிட்டீங்களாப்பா?" என்று தொட்டியைப் பார்த்து அவர் விசாரிப்பதைக் கேட்டு வாட்ச்மேன் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கட்டுமே.

பதினொன்றாம் நாள் கசடு அடியில் போய் உட்கார்ந்தது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது.

"மேடம், பொழைச்சுக்கிட்டாங்க!"

சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நசீமா ஒரு காகிதத்தை நீட்டினார். "மாறுதல் உத்தரவு வந்துடுச்சு. திங்கக்கிழமை குடிதண்ணீர்ப் பக்கம் போயிடலாம்."

அவர் கை நீட்டவில்லை. அதே நேரம் போன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

"சம்பந்தி, வீட்ல பொம்பளைங்க கேக்குறாங்க. தண்ணி ஆபீஸ்னா நீங்க எந்தப் பக்கம்?"

இசக்கியப்பன் நசீமாவைப் பார்த்தார். நசீமா ஜாடியைக் கழுவப் போய்விட்டார்.

"காலையில உங்க வீட்ல குளிச்ச தண்ணி இப்போ எங்கிட்டதான் வந்து நிக்குது சம்பந்தி. சுத்தம் பண்ணி அனுப்பிட்டுக் கூப்பிடுறேன்."