புலிக்கும் எலிக்கும் ஒரே கூவல்

ஒரு காட்டில் ஒரே ஓர் ஏரிதான் இருந்தது. வேறு எங்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அதனால் புலியும் அங்கேதான் வரவேண்டும், புள்ளிமானும் அங்கேதான் வரவேண்டும். தின்கிறவனும் தின்னப்படுகிறவனும் ஒரே துறையில் நீர் குடித்தால் பிழைப்பு எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள், குழந்தைகளே!

அந்தக் கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி வாழ்ந்தாள். மஞ்சள் கால், சிவப்பு மூக்கு, ஓயாத வாய். யார் வந்தாலும் கூவிவிடுவாள். "புலி வருது! கிழக்கே புலி!" என்பாள். எலி வந்தாலும் அதே குரல்தான். சொந்தப் புருஷன் இரை தேடிவிட்டுத் திரும்பினாலும், "ஆட்காட்டி வருது! தெற்கே ஆட்காட்டி!" என்று கூவிய பிறகுதான் பக்கத்தில் சேர்ப்பாள். விடிந்ததும் ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதையும் அவளே சொல்வாள்.

ஆட்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், தரையில்தான் முட்டையிடும். ஆகவே அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கோடை தொடங்கியதும் ஒவ்வொரு பிராணியும் ஒரு கல்லை உருட்டி வந்து அவளுடைய முட்டைகளைச் சுற்றி வைக்கும். யானையும் ஒரு கல் வைக்கும், எலியும் ஒரு கல் வைக்கும். அந்த வட்டத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. எல்லோருக்காகவும் கூவுகிறவளை எல்லோரும் சேர்ந்துதானே காப்பாற்ற வேண்டும்?

அந்த வருஷம் வரியன் என்ற புலி காட்டுக்கு ராஜா ஆனான். "என் ஆட்சியில ஏரி வத்தவே வத்தாது!" என்று பட்டம் சூடிய அன்றே மார்தட்டினான். ஏரி அதைக் கேட்டதா என்ன? மழை பொய்த்தது, தண்ணீர் இறங்கியது. ஆட்காட்டியும் தினம் காலையில், "தண்ணி இறங்குது!" என்று கூவினாள். உள்ளதைச் சொன்னால் சிலருக்கு உடம்பெல்லாம் எரியும். வரியனுக்கு எரிந்தது.

ஒரு நாள் அவனுடைய மந்திரி நரி, வாலை ஆட்டிக்கொண்டு கரைக்கு வந்தான்.

"என்ன தங்கச்சி, சௌக்கியமா? ஒண்ணும் பெரிசா மாத்த வேண்டாம். செந்நாய் வந்தா வழக்கம்போல, 'செந்நாய் வருது, ஓடுங்க'ன்னு கூவு. ராஜா வந்தா மட்டும், 'அரசர் உலா வருகிறார்'னு மரியாதையா சொல்லு. அப்புறம் இந்தத் தண்ணிப் பேச்சு வேண்டாம். ராஜாவுக்கு மனசு சங்கடப்படுது."

"தண்ணி இறங்கத்தானே செய்யுது, அண்ணே?"

"இறங்கட்டும். அதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?"

"சொல்லத்தானே என்னை இங்க வச்சிருக்கு."

நரி கல்வட்டத்தை ஒரு பார்வை பார்த்தான். "இதுல பெரிய கல்லு யாரு வச்சது தெரியுமா? ராஜா வச்சது."

"தெரியும் அண்ணே. அதுக்குப் பக்கத்துல எலி வச்ச கல்லும் இருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் கூவுவேன்."

மறுநாள் ஏரிக்கரை மருதமர உச்சியில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது. அதன் முன்னால் நாவற்பழம் குவிந்து கிடந்தது. "இனிமே செய்தி சொல்றது கிளியார்தான்," என்று அறிவித்த நரி, "வேலை இல்லாதவளுக்கு வட்டம் எதுக்கு?" என்று கற்களைக் காலால் உதைத்துத் தள்ளினான். ஒரு பிராணியாவது வாய் திறக்க வேண்டுமே? எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் குடித்தன.

ஆட்காட்டி கூவுவதை நிறுத்தவில்லை. ஆனால் தரையிலிருந்து வந்த குரலை மர உச்சியிலிருந்து வந்த குரல் அமுக்கிவிட்டது. "அரசர் உலா வருகிறார்!" என்றது கிளி. உலாதானே என்று நின்ற ஓர் இளம் பெண்மான், வீடு திரும்பவில்லை.

மான்களின் தலைவன் ஆட்காட்டியிடம் ஓடி வந்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, எங்க பக்கம் வந்துடு. நாங்க உனக்குப் புது வட்டம் போட்டுத் தர்றோம். புலி வராத நாள்லயும், 'புலி மானைக் கொன்னுட்டான்'னு கூவு. காடே அவனைக் காறித் துப்பட்டும்!"

"கொன்ன அன்னைக்குக் கூவினேன், தம்பி. கொல்லாத அன்னைக்குக் கூவ மாட்டேன்."

"அப்படின்னா நீ புலிப் பக்கமா?"

"நான் கரைமேல நிக்கிறவ. எனக்குப் பக்கம் கிடையாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ராஜாவும் பகை, மானும் பகை. பாவம், அவளுக்கு மிஞ்சியது நான்கு முட்டைகள்தான்.

அவற்றுக்கும் ஆபத்து வந்தது. வட்டம் போனதும் நரிக்கு நாக்கு ஊறியது. அவன் நெருங்கியபோது ஆட்காட்டி இறக்கை ஒடிந்தவள்போல் நொண்டி நொண்டி நடந்து, அவனைத் தன் பின்னால் வெகுதூரம் இழுத்துப் போய்விட்டுப் பறந்துவிட்டாள். கூட்டுக்காக அவள் நொண்டுவாள், செய்தியில் நொண்டமாட்டாள். ஆனால் அடுத்த முறை நரி ஏமாறவில்லை. நேராக முட்டைகளிடம் போய் ஒன்றைக் கடித்தான். புருஷனும் பெண்டாட்டியுமாக அவன் தலையில் கொத்தி விரட்டுவதற்குள் அந்த ஒன்று போய்விட்டது.

ஆட்காட்டி அழுதாள். அழுதுகொண்டே, "நரி போகுது! மேற்கே நரி!" என்று கூவினாள்.

இதற்கிடையில் ஏரி பாதிக்குமேல் வற்றிவிட்டது. கிளியோ, "ஏரி நிரம்பி வழிகிறது!" என்று தினமும் பாடியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இந்தக் கிளி ஓர் ஏரியையே மறைத்தது. அதை நம்பாத பிராணி காட்டில் இல்லை என்று நரி சொல்லிக்கொண்டான். உண்மையில் நம்பியது ஒரே ஒரு பிராணிதான். குகைக்குள் படுத்துச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வரியன்தான் அது. அவன் தண்ணீர் குடிக்க வருவது இருட்டில், ஏரியின் மறுகோடியில்; இந்தத் துறைப் பக்கம் எட்டிப் பார்த்தே பல நாளாகிவிட்டது.

ஒரு மத்தியானம் வெயில் தாங்கவில்லை. "நிரம்பி வழியுதாமே, ஒரு முங்கு போட்டு வருவோம்" என்று வரியன் துள்ளி ஓடி வந்தான். "தண்ணி இல்ல! துறையெல்லாம் சேறு!" என்று ஆட்காட்டி கீழேயிருந்து கத்தியது அவன் காதில் ஏறவில்லை. வழக்கமாகக் குதிக்கும் பாறையிலிருந்து ஒரே பாய்ச்சல்.

சளக்!

வயிறு வரை புதைசேறு. உதைக்க உதைக்க உள்ளே இழுத்தது. "காப்பாத்துங்க!" என்று உறுமினான். புலி உறுமினால் யார் கிட்டே வருவார்கள்? கேட்டவர்களெல்லாம் ஓட்டம் பிடித்தார்கள்.

கிளி மேலிருந்து பார்த்தது. அதற்குக் கற்றுக்கொடுத்தது நல்ல செய்தி மட்டும்தானே! "அரசர் நீராடுகிறார்! ஏரி நிரம்பி வழிகிறது!" என்று உரக்கக் கூவியது. தண்ணீருக்கு வந்துகொண்டிருந்த யானைக் கூட்டம் அதைக் கேட்டு நின்றது. "ராஜா குளிக்கிறப்போ நமக்கு அங்க என்ன வேலை?" என்று திரும்பி நடந்தது.

நரி வந்தான். சேற்றில் ஒரு காலை வைத்துப் பார்த்துச் சட்டென்று எடுத்துக்கொண்டான். "கொஞ்சம் பொறுத்துக்குங்க அரசே, இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த ராஜா யார் என்று விசாரிக்கப் போனான்.

சேறு வரியனின் கழுத்துக்கு ஏறியது.

மான்களின் தலைவன் ஆட்காட்டியின் அருகில் வந்து நின்றான். "அக்கா, வாயைத் திறக்காதே. இன்னும் கொஞ்ச நேரம்தான். உன் முட்டைக்கும் சேர்த்துத்தான் இது."

ஆட்காட்டி தன் மூன்று முட்டைகளைப் பார்த்தாள். நான்காவது இருந்த குழியையும் பார்த்தாள். அவள் நெஞ்சு கொதித்தது.

"மறைக்காம சொல்றேன் தம்பி. அவன் சாகட்டும்னுதான் எனக்கும் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"பிடிக்காதவனுக்கு வந்ததை மறைச்சா, அந்தக் கிளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

சொல்லிவிட்டுச் சிவ்வென்று எழும்பினாள். மருதமரத்துக்கும் மேலே பறந்து, நெஞ்சு வெடிக்கக் கூவினாள். "புலி சேத்துல! துறையில புலி! கழுத்தளவு சேறு!"

யானைத் தலைவி சட்டென்று நின்றாள்.

"ராஜா குளிக்கிறார்னு கிளி சொல்லுதே?" என்றது கூட்டத்தில் ஒன்று.

"கிளி ஆயிரம் சொல்லும். இந்தக் குருவி எலி விஷயத்துலகூடப் பொய் சொன்னதில்ல. திரும்புங்க!"

யானைகள் விரைந்து வந்தன. கரையில் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தை முட்டித் தள்ளிச் சேற்றுக்குள் செலுத்தின. வரியன் நகத்தால் அதைப் பற்றி, இழுத்துப் பறித்துக்கொண்டு கரையேறினான். மேலெல்லாம் சேறு. வரி எது, வயிறு எது என்று தெரியவில்லை.

எங்கிருந்தோ நரி ஓடி வந்து கிளிக்குச் சாடை காட்டினான். "அரசர் சேற்றை வென்றார்!" என்றது கிளி.

வரியன் தலையைத் தூக்கிக் கிளியைப் பார்த்தான். பிறகு நரியைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரையும் அந்தக் காட்டில் யாரும் பார்க்கவில்லை.

நரி உதைத்துத் தள்ளிய கற்களில் பெரியதை வரியன் மூக்கால் உருட்டி வந்து முட்டைகளின் பக்கத்தில் வைத்தான். யானைத் தலைவி ஒன்று வைத்தாள். எலி ஒன்று வைத்தது. தயங்கித் தயங்கி மான்களின் தலைவனும் ஒன்று கொண்டுவந்தான். வட்டம் மூடியது.

மறுநாள் காலை, மான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. வரியன் பசியோடு புதரில் பதுங்கிப் பதுங்கி வந்தான்.

"புலி வருது! கிழக்கே புலி!"

மான்கள் பறந்தன. வரியன் புதரை விட்டு வெளியே வந்து ஆட்காட்டியை முறைத்தான்.

"நேத்து உன்னாலதான் பிழைச்சேன். இன்னைக்கு உன்னாலதான் பட்டினி!"

"ரெண்டு நாளும் கண்டதைத்தான் சொன்னேன், ராஜா."

வரியன் பெருமூச்சு விட்டான். கல்வட்டத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான்.

நீதி: பொதுவில் செய்தி சொல்பவர் எந்தப் பக்கமும் சாயக் கூடாது, செய்தியைத் தன் பக்கம் வளைத்தவனே அதில் முதலில் ஏமாறுவான்.